குருந்தக் கல்லும் கெம்பும்



நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கும் முதியவர் ஒருவர் மாதந்தோறும் வருவார். அரிவாள்மணையோ, கத்தியோ, கத்தரிக்கோலோ எதுவாயினும் அவருடைய சாணைச் சக்கரத்தில் பட்டவுடன் பொறி பறக்கும். அப்பொறியைக் காண்பதற்காகவே நாங்கள் சுற்றி நிற்போம். அச்சக்கரம் கல்லைச் செதுக்கிச் செய்தது அன்று. குருந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கில் அப்பொடியைப் பிசைந்து, வட்டமாக வார்த்துக்கொண்டது. “குருந்தம் இரும்பைத் தின்னும், இரும்பு குருந்தத்தைத் தின்னாது, தம்பி” என்று அவர் சொல்வார்.

பல ஆண்டுகள் கழிந்தபின், கல்லூரியில் நிலநூல் பயிலச் சேர்ந்தபொழுது அந்தக் குருந்தத்தை நான் மீண்டும் சந்தித்தேன். முதல் செய்முறை வகுப்பில் எங்கள் ஆசிரியர் ஒரு மரத்தட்டில் இருபது கற்களைக் கொட்டி, அவற்றை இனம் இனமாகப் பிரித்து வைக்குமாறு பணித்தார். நான் சிறிதும் தயங்கவில்லை. சிவந்த கற்களை ஒரு புறம் வைத்தேன். நீலக் கற்களை ஒரு புறம் வைத்தேன். பச்சைக்கு ஓர் இடம், மஞ்சளுக்கு ஓர் இடம். பத்து நிமிடங்களில் வேலை முடிந்தது. ஆசிரியர் வந்து பார்த்தார். “ஜவுளிக்கடையில் சேலை அடுக்குவதுபோல அழகாக அடுக்கியிருக்கிறாய், தம்பி, ஆனால் ஒன்றைக்கூட இனம் பிரிக்கவில்லை” என்றார். பிறகு நான் வைத்திருந்த சிவப்புக் குவியலைக் கலைத்து மூன்றாக்கினார். அவற்றுள் ஒரு கல்லை எடுத்து நீலக் கல் ஒன்றின் அருகே வைத்தார். சாலையோரத்துச் சல்லி என்று நான் ஒதுக்கிவைத்திருந்த, சாம்பலும் பழுப்பும் கலந்த, பீப்பாய்போல் நடுப் பருத்த ஒரு கல்லையும் எடுத்து அவற்றோடு சேர்த்தார். “இது கெம்பு, இது நீலம், இது குருந்தம். மூன்றும் ஒரே பொருள்” என்றார்.

நான் நம்பவில்லை. அரசர் முடியிலே பதிக்கும் மாணிக்கமும், அரிவாள்மணை தீட்டும் குருந்தமும் ஒன்றென்றால் யார்தாம் நம்புவர்? உலகத்து அறிஞர்களும் எளிதில் நம்பிவிடவில்லை. அவர்கள் அதனை ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அவர்கள் எவ்வாறு அம்முடிவுக்கு வந்தனர் என்பதைத்தான் இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். கனிப்பொருள்களை எதனால் ஆனவை, எவ்வாறு அமைந்தவை, எந்த வகையைச் சார்ந்தவை என்று அறியும் கல்வி முழுவதையும் இந்த ஒரு கல்லின் கதையிலேயே காணலாம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாறை வேறு, கனிப்பொருள் வேறு. நம் கோயில் தூண்களுக்கு வெட்டியெடுக்கும் கருங்கல்லை உற்று நோக்கினால் பல நிறத் துகள்கள் நெருங்கிக் கிடப்பதைக் காணலாம். அத்துகள்கள் ஒவ்வொன்றும் ஒரு கனிப்பொருள். அவை கூடிய கூட்டம் பாறை. பழக்கலவையைப் பாறை என்று கொண்டால் அதிலுள்ள வாழைப்பழமும் பலாச்சுளையும் கனிப்பொருள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நவரத்தினத்துக்கு வருவோம். மாணிக்கம், நீலம், புஷ்பராகம் என்று நாம் மூன்று பெயர்களை எண்ணுகிறோம். கடைத்தெருவில் கனக புஷ்பராகம் என்று விற்கப்படும் மஞ்சள் கல் பெரும்பாலும் மஞ்சள் நிறக் குருந்தமே. ஆகவே ஒன்பதில் மூன்று இடங்களை ஒரே கனிப்பொருள் மூன்று ஆடைகளை உடுத்துக்கொண்டு பிடித்துவிடுகிறது! முத்தும் பவளமுமோ கடல்வாழ் உயிர்கள் ஆக்குபவை. கனிப்பொருளியலார் ஒருவரிடம் நவரத்தினத்தை எண்ணச் சொன்னால் அவர் ஒன்பது வரை எண்ணமாட்டார். இதனால் நம் முன்னோரைக் குறைத்துப் பேசுவது தகாது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடை வீதியைக் கூறுமிடத்து மாணிக்கத்தை நான்கு சாதியாகப் பகுத்திருப்பதைக் காண்கிறோம். அவற்றுள் ஒன்றினை உரைகாரர் குருவிந்தம் என்று விளக்குவர். குருவிந்தம் என்னும் சொல் மணியையும் குறிக்க, குருந்தம் என்னும் சொல் சாணைக் கல்லையும் குறிக்க, இரண்டு சொற்களும் உறவாக நின்றது எத்துணை வியப்பு! சொல்லில் இருந்த அந்த உறவு கல்லிலும் உண்டு என்று காட்டியவர்களைப் பற்றித்தான் நாம் பேசப் புகுகின்றோம்.

பழங்காலத்து உரோமரும் நிறத்தையே நம்பினர். சிவந்து ஒளிரும் கல் எதுவாயினும் அதற்குத் தணல் என்னும் பொருள்படும் ஒரே பெயரை இட்டனர். நிறத்தை விட்டுவிட்டு வேறு ஒன்றை நோக்கியவர்களில் முன்னணியில் நிற்பவர் 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி. அவர் மணிகளைக் காற்றில் நிறுத்தும் நீரில் நிறுத்தும் அவற்றின் ஒப்படர்த்தியைக் கணக்கிட்டார். பார்வைக்கு ஒன்றுபோல் சிவந்திருந்த இருவகைக் கற்களில் ஒருவகை கனத்தது, மற்றொருவகை இலேசானது என்று கண்டார். கனத்தது யாகூத் எனப்பட்ட கெம்பு. இலேசானது பதக்ஷான் மலைகளிலிருந்து வந்த லால் எனப்பட்ட கல். அதனை இன்று ஸ்பினல் என்கிறோம். கெம்பு தன் அளவுள்ள நீரைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு கனமுடையது, ஸ்பினல் 3.6 மடங்கே. தராசு கண்ட இந்த வேற்றுமையை ஐரோப்பிய அரசவைகள் பல நூற்றாண்டுகள் அறியாமல் இருந்தன. இங்கிலாந்து மன்னரின் முடியிலே முகப்பில் பதித்திருக்கும் ‘கறுப்பு இளவரசரின் கெம்பு’ உண்மையில் கெம்பு அன்று, அது ஸ்பினல். 1415-இல் அஜின்கோர்ட் போரிலே ஐந்தாம் ஹென்றி மன்னர் அதனை அணிந்து சென்றார் என்றும் கூறுவர். பெயர் பொய்யென்று தெரிந்தபின்னரும் பெயரை மாற்றவில்லை. அரண்மனைகளின் வழக்கம் அது.

கனத்தை அளப்பது ஒரு வழி. வடிவத்தை அளப்பது மற்றொரு வழி. 1669-இல் டென்மார்க் நாட்டவரான ஸ்டீனோ என்பவர், இத்தாலியில் இருந்தபொழுது, குவார்ட்ஸ் எனப்படும் படிகக் கற்கள் பலவற்றை எடுத்து அவற்றின் குறுக்குவெட்டை வரைந்து பார்த்தார். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஒன்றில் ஒரு முகம் அகன்றது, ஒன்றில் அதே முகம் ஒடுங்கியது. எனினும் அடுத்தடுத்த இரண்டு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மட்டும் எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது. அவர் சமய வாழ்வை மேற்கொண்டு இவ்வாராய்ச்சியை விட்டுவிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துப் பிரான்சு நாட்டு ரோமே த லீல் அதனை மீண்டும் கையில் எடுத்தார். அவருக்காகப் படிகங்களின் களிமண் மாதிரிகளைச் செய்துகொண்டிருந்த கராஞ்சோ என்னும் உதவியாளர், கோணம் அளப்பதற்கென்று கவராயம்போன்ற ஒரு சிறு கருவியைச் செய்தார். பித்தளையில் இரண்டு கரங்களும் ஒரு பாகை வட்டமும் கொண்ட எளிய கருவிதான் அது. அதனை வைத்துக்கொண்டு ரோமே த லீல் நூற்றுக்கணக்கான படிகங்களை அளந்தார். ஒவ்வொரு கனிப்பொருளுக்கும் உரிய கோணங்கள் மாறா என்பதை 1783-இல் நான்கு பாகமாக வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். ஸ்பினல் எண்முகப் படிகமாக வளர்கிறது, கெம்பு அறுகோணத் தூணாக வளர்கிறது, ஆகவே இரண்டும் இருவேறு பொருள்கள் என்று தெளிவுபடக் கூறியவரும் அவரே.

கோணம் ஏன் மாறாமல் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ரெனே ஜுஸ்த் ஹவுயி என்னும் பாதிரியார். பாரிஸ் நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர். முதலில் செடிகொடிகளில் ஈடுபட்டவர். ஒருநாள் நண்பர் வீட்டில் கால்சைட்டுப் படிகக் கொத்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும்பொழுது அது நழுவி விழுந்து உடைந்தது. அவர் முகம் வாடியது; ஆனால் உடைந்த துண்டைக் குனிந்து எடுத்தவர் அதைக் கண்டு திகைத்தார். கொத்திலிருந்தது ஆறு பக்கத் தூண். உடைந்த துண்டோ சாய்ந்த சதுரங்களால் ஆன பெட்டி வடிவம். வீட்டுக்கு ஓடித் தம்மிடமிருந்த வேறு வேறு வடிவக் கால்சைட்டுகளை எல்லாம் சுத்தியால் உடைத்தார். எல்லாம் உள்ளே அதே சாய்சதுரப் பெட்டியாகவே பிளந்தன. எவ்வளவு சிறிதாகப் பிளந்தாலும் அதே வடிவம்! இக்கதையில் எவ்வளவு பின்னால் சேர்த்த மெருகு என்பதை யான் அறியேன். படிகக் கலை பயில்வோர் எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை இது. ஆனால் அவர் கண்ட முடிவில் ஐயமில்லை. 1784-இல் அவர் எழுதியது இதுதான்: படிகம் என்பது கண்ணுக்குப் புலப்படாத சிறிய ஒரே அளவுச் செங்கற்களை வரிசை பிசகாமல் அடுக்கியதொரு கட்டடம். செங்கல்லின் வடிவம் மாறாததால் கோணமும் மாறுவதில்லை. படிக்கட்டுபோல் வரிசைக்குச் சில செங்கற்களைக் குறைத்துக்கொண்டே போனால் சாய்ந்த முகம் கிடைக்கும். குறைக்கும் எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்ணாகவே இருக்கும். வடிவத்துக்குள்ளே எண் ஒளிந்திருப்பதை உலகம் அன்றுதான் கண்டது.

புரட்சிக் காலத்தில் இப்பாதிரியாருக்கு நேர்ந்ததையும் கூறவேண்டும். புதிய அரசு கேட்ட உறுதிமொழியை அவர் கொடுக்கவில்லை. 1792 ஆகஸ்டு மாதம் அவரைச் சிறைப்படுத்தினர். சிறையிலும் படிகத் தட்டுகளை வரவழைத்து அடுக்கிக்கொண்டிருந்தாராம்! அவருடைய மாணவரான இருபது வயது இளைஞர் ஜெப்ருவா சான்ட்-ஹிலேர் அலைந்து திரிந்து விடுதலை உத்தரவு பெற்றுவந்தார். சில நாட்களுக்குள் அதே சிறையிலிருந்த பாதிரிமார் பலர் கொல்லப்பட்டனர். அந்த மாணவர் ஒருவாரம் தாமதித்திருந்தால் நான் இப்பொழுது கூறப்போகும் செய்தி வேறு விதமாக முடிந்திருக்கும்.

இனி நம் குருந்தம் மேடைக்கு வருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலண்டன் மருத்துவர் ஜான் உட்வார்டு தாம் சேர்த்த அயல்நாட்டுக் கற்களின் பட்டியலில், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைப் பகுதியிலிருந்து வந்த ‘கோரிவிந்தம்’ என்னும் கல்லைக் குறித்துள்ளார். நெல் விளையும் வயல்களில் எலிகள் வளை தோண்டும்பொழுது அக்கல்லை மேலே தள்ளிவிடுகின்றன என்றும், இரும்பை மெருகிட அது பயன்படுகிறது என்றும் எழுதிவைத்தார். வயல் எலி வெளியே தள்ளிய கல் உலக அறிவியலின் அகராதியில் ஏறியது இவ்வாறுதான். இன்று எல்லா நாட்டு மாணவர்களும் உச்சரிக்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் நம் குருந்தத்தின் திரிபேயாகும்.

பின்னர் சார்லஸ் கிரெவில் என்னும் ஆங்கிலச் செல்வர், கற்களைச் சேர்ப்பதில் பெரும் பித்துக் கொண்டவர், கருநாடகம் என்று ஆங்கிலேயர் அக்காலத்தில் வழங்கிய நம் தென்னாட்டுப் பகுதியிலிருந்து குருந்தக் கற்களை முயன்று வரவழைத்தார். 1798-இல் இலண்டன் இராயல் சங்கத்தில் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். அவருக்குத் துணைநின்றவர் பூர்னோன் பிரபு. பிரெஞ்சுப் புரட்சியில் உடைமை அனைத்தையும் இழந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த பெருமகன். கற்களைப் பிறருக்காக ஆராய்ந்து வாழ்ந்தார். தென்னாட்டுக் குருந்தத்தின் பீப்பாய் வடிவப் படிகங்களைக் கோணமானியால் அளந்தார் அவர். கீழ்நாட்டுக் கெம்பையும் நீலத்தையும் அளந்தார். கோணங்கள் ஒத்தன. பிளக்கும் திசைகள் ஒத்தன. கடினமும் கனமும் ஒத்தன. அழுக்கேறிய கல்லுக்கும் ஒளிவிடும் மணிக்கும் இடையே, பாதி தெளிந்தும் பாதி மங்கியும் உள்ள படிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்தினார். 1802-இல் அவர் கூறிய தீர்ப்பு: மூன்றும் ஒரே இனம்.

வடிவம் ஒத்தால் போதுமா? பொருளும் ஒக்கவேண்டுமன்றோ? அதே 1802-இல் செனெவிக்ஸ் என்னும் இரசாயன அறிஞர் இக்கற்களைப் பகுத்தாராய்ந்தார். இது எளிய செயல் அன்று. குருந்தத்தை அமிலம் எதுவும் கரைப்பதில்லை. பொடியாக்க முயன்றால் அரைக்கும் உரலே தேய்ந்து, உரலின் பொடியும் எடையில் சேர்ந்துகொள்ளும். எங்கள் தெருச் சாணைக்காரர் சொன்னது இரும்புக்கு மட்டுமன்றி ஆராய்ச்சிச் சாலையின் உரலுக்கும் பொருந்தியது! எனினும் விடை கிடைத்தது: சாணைக் கல், கெம்பு, நீலம் எல்லாம் பெரும்பாலும் அலுமினாவே. களிமண்ணின் முக்கியக் கூறுகளுள் ஒன்றும் அந்த அலுமினாவே. இன்றைய கணக்கில், அலுமினியத்தின் அணு இரண்டுக்கு ஆக்ஸிஜன் அணு மூன்று.

ஹவுயி அவர்கள் இதற்கு முன் 1801-இல் வெளியிட்ட தம் பெருநூலில் குருந்தத்தை ஓர் இனமாகவும், கெம்பையும் நீலத்தையும் ‘தெலெசி’ என்னும் வேறோர் இனமாகவும் பிரித்து வைத்திருந்தார். முழுமையானது என்பது அப்பெயரின் பொருள். படிகக் கலையின் தந்தை என்று புகழ்பெற்றவர், அகதியாக வாழ்ந்த ஒருவரின் அளவையை ஏற்பாரா? ஏற்றார். பின்னர் தாம் இட்ட அழகிய பெயரைக் கைவிட்டு, கெம்பையும் நீலத்தையும் குருந்தத்தின்கீழ்க் கொண்டுவந்தார். மணியின் பெயர் கல்லுக்கு ஏறவில்லை. கல்லின் பெயரே மணிக்கு இனப்பெயராயிற்று. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிக உவப்பான நிகழ்ச்சி இது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வந்து சேர்ந்தது. எதனால் ஆனது என்பது தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று இரசாயனிகள் எண்ணினர். 1797-இல் ஸ்மித்சன் டெனன்ட் என்பவர் வைரத்தை எரித்து, அது வெறும் கரியே என்று காட்டினார். பென்சிலில் எழுதும் கிராபைட்டும் கரியே. ஒன்று உலகில் மிகக் கடினமானது, மற்றொன்று விரலில் ஒட்டிக்கொள்ளும் மென்மையுடையது. அவ்வாறே கால்சைட்டும் அரகோனைட்டும் ஒரே சுண்ணாம்புக் கார்பனேட்டால் ஆனவை. ஆனால் ஒன்று சாய்சதுரமாகப் பிளக்கும், மற்றொன்று பிளக்காது. ஒரு பொருளுக்கு ஒரே செங்கல் என்று நம்பிய ஹவுயி அவர்களை இது இறுதிவரை வருத்தியது. 1819 முதல் ஜெர்மானியர் மிட்சர்லிக், வேறு வேறு பொருள்கள் ஒரே வடிவில் படிகமாகலாம், ஒரே பொருள் இருவேறு வடிவிலும் படிகமாகலாம் என்று சோதனையால் நிறுவினார். ஆகவே பொருள் மட்டும் அறிந்தால் போதாது. வடிவம் மட்டும் அறிந்தாலும் போதாது. கனிப்பொருளின் இனத்தை முடிவுசெய்ய இரண்டும் வேண்டும்.

வகைப்படுத்தும் முயற்சிகளும் இதற்கிடையே நடந்துகொண்டிருந்தன. செடிகளை வகுத்த லின்னேயஸ் கற்களையும் அதே முறையில் வகுக்க முயன்று வெற்றி காணவில்லை. ஜெர்மனியில் வெர்னர் கண்ணுக்கும் கைக்கும் புலப்படும் குணங்களைக் கொண்டு வகுத்தார். 1812-இல் மோஸ் கடினத்துக்கு ஓர் அளவை வகுத்தார்: நகத்தால் கீறக்கூடிய மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. குருந்தத்துக்கு 9. இந்த எண்கள் வகுப்பில் மாணவர் பெறும் இடத்தைப்போன்றவை. முதல் மாணவனுக்கும் இரண்டாம் மாணவனுக்கும் மதிப்பெண்ணில் எவ்வளவு இடைவெளி என்பதை அவை காட்டமாட்டா. உண்மையில் குருந்தத்துக்கும் வைரத்துக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது.

சரியான வழியைச் சுட்டியவர் சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ். அவர் முதலில் கனிப்பொருள்களை அவற்றிலுள்ள உலோகத்தைக் கொண்டு வகுத்தார். இரும்பு உள்ளவை எல்லாம் ஒரு குடும்பம் என்றால், இரும்புக் கார்பனேட்டும் இரும்புக் கந்தகையும் அண்ணன் தம்பி ஆகிவிடும். அவற்றைப் பார்த்தால் உறவு எதுவும் தெரியாது. ஆனால் இரும்புக் கார்பனேட்டைச் சுண்ணாம்புக் கார்பனேட்டான கால்சைட்டோடு வைத்துப் பாருங்கள்: ஒரே சாய்சதுரம், ஏறத்தாழ ஒரே கோணம். உறவு உலோகத்தின் வழியே வருவதில்லை, உலோகத்தோடு சேர்ந்திருக்கும் மற்றப் பகுதியின் வழியே வருகிறது. இதனை உணர்ந்த பெர்சீலியஸ் தம் முறையை 1824-இல் மாற்றிக்கொண்டார். அமெரிக்க அறிஞர் டேனாவும் அவ்வாறே செய்தார். 24 வயதில், 1837-இல், அவர் வெளியிட்ட நூல் கற்களுக்குச் செடிகளைப்போல இரட்டை இலத்தீன் பெயர் சூட்டியது. 1850-இல் மூன்றாம் பதிப்பு வந்தபொழுது அதனை முழுவதும் தள்ளிவிட்டு இரசாயன முறையைக் கைக்கொண்டார். தனித் தனிமங்கள், கந்தகைகள், ஆக்ஸைடுகள், கார்பனேட்டுகள், சிலிக்கேட்டுகள் என்று இன்று நீங்கள் பாடத்தில் பயிலும் பெரும் பிரிவுகள் அவ்வழி வந்தவை. குருந்தம் ஆக்ஸைடுப் பிரிவில் அமர்ந்தது.

இவ்வளவு கண்டபின்னும் ஹவுயியின் செங்கல்லை எவரும் கண்டதில்லை. 1912-இல் மியூனிக் நகரில் மாக்ஸ் லாவே என்பவரின் கருத்தைக் கொண்டு அவருடைய நண்பர் இருவர் மயில்துத்தப் படிகம் ஒன்றின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினர். பின்னால் வைத்த ஒளிப்படத் தகட்டில் புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. அணுக்கள் வரிசையாக நிற்பதற்கு அப்புள்ளிகளே சாட்சி. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் பிராக் என்னும் தந்தையும் மகனும் அப்புள்ளிகளிலிருந்து அணுக்கள் நிற்கும் இடத்தையே கணக்கிடக் கற்றனர். முதலில் கல்லுப்பு, பிறகு வைரம். வைரத்தில் ஒவ்வொரு கரி அணுவும் நான்கு அணுக்களோடு நாற்புறமும் பிணைந்து நிற்கிறது. கிராபைட்டிலோ கரி அணுக்கள் தகடு தகடாகப் பிணைந்து, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமாறு கிடக்கின்றன. 1915-இல் நோபல் பரிசு பெற்றபொழுது மகனுக்கு வயது 25.

குருந்தத்தின் முறை 1925-இல் வந்தது. பாலிங், ஹெண்டிரிக்ஸ் என்னும் இருவர் அதன் உள்ளமைப்பைக் கண்டனர். சந்தையில் ஆரஞ்சுப் பழம் அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன் அணுக்கள் அவ்வாறு நெருங்கி அடுக்கடுக்காக அமைந்துள்ளன. பழங்களுக்கு இடையே இடுக்குகள் உண்டல்லவா? ஆறு ஆக்ஸிஜன்கள் சூழ்ந்த அத்தகைய இடுக்குகளில் மூன்றுக்கு இரண்டு வீதம் அலுமினியம் நிரம்பியுள்ளது. நெருக்கமும் பிணைப்பின் வலிமையும்தான் கடினத்துக்குக் காரணம். அதே கட்டுரையில் அவர்கள் ஆராய்ந்த மற்றொரு கனிப்பொருள் ஹெமடைட்டு; அலுமினியம் இருக்குமிடத்தில் இரும்பு இருக்கும், மற்ற அமைப்பு முழுவதும் ஒன்றே. ஹெமடைட்டு யாது தெரியுமா? நம் வீட்டுத் திண்ணைக்குப் பூசும் காவிக்கு நிறம் தருவது. கெம்புக்கு உடன்பிறப்பு காவிக்கல்!

அப்படியானால் கெம்பின் சிவப்பு எங்கிருந்து வந்தது? அலுமினியத்தின் இருக்கைகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது அதனினும் குறைவான இடத்தில் குரோமியம் வந்து அமர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். இரும்பும் டைட்டேனியமும் சிறிது சேர்ந்தால் நீலம். தூய குருந்தத்துக்கு நிறமே இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் போற்றியதும், நான் வகுப்பில் அடுக்கியதும், அந்த நூற்றில் ஒரு பங்கு விருந்தாளியைத்தான். இதனை அறிந்தபின் 1902-இல் பாரிஸ் நகரத்து வெர்னூயி அலுமினாப் பொடியோடு சிறிது குரோமிய ஆக்ஸைடைச் சேர்த்துச் சுடரில் உருக்கிக் கெம்பை ஆக்கும் முறையை வெளியிட்டார். அது போலி அன்று. பொருளும் அமைப்பும் ஒன்றாகையால் கெம்பேயாகும். 1960-இல் மெய்மன் என்னும் அமெரிக்கர் இயக்கிய உலகின் முதல் லேசர்க் கருவியின் உள்ளே இருந்தது அத்தகைய செயற்கைக் கெம்புத் தண்டே.

எக்ஸ் கதிர் வகைப்பாட்டையும் திருத்தியது. மிகப் பெரிய கூட்டமான சிலிக்கேட்டுகள் இரசாயனிகளுக்கு நெடுநாள் விளங்காப் புதிராக இருந்தன. ஒரு சிலிக்கான், அதைச் சுற்றி நான்கு ஆக்ஸிஜன். இந்த நான்முகிகள் தனித்து நிற்கலாம், சங்கிலியாகக் கோக்கலாம், தகடாகப் பரவலாம், முப்புறமும் பின்னிக் கூடாகலாம். அடுத்தடுத்த நான்முகிகள் கைகோக்கும் முறையைக் கொண்டே இன்று அவற்றை வகுக்கின்றனர். காக்காய்ப்பொன் ஏடு ஏடாக உரிவது அதன் நான்முகிகள் தகடாகப் பரவியிருப்பதால்தான். 1958-இல் தோன்றிய பன்னாட்டுக் கனிப்பொருளியல் சங்கம் அடுத்த ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. புதிய கனிப்பொருள் என்று எவரேனும் கூறினால், எதனால் ஆனது, அணுக்கள் எவ்வாறு அமைந்தன என்னும் இரண்டையும் காட்டியபின்னரே அக்குழு பெயரை ஏற்கும். அவ்வாறு ஏற்கப்பட்ட இனங்கள் இன்று சுமார் 6,000.

பூர்னோன் பிரபுவைப் பற்றி ஒன்று கூற விட்டுவிட்டேன். அவர் குருந்தத்தை மட்டும் பார்க்கவில்லை. குருந்தம் பதிந்துவந்த வெண்ணிறக் கல்லையும் கவனித்து எழுதினார். அதற்குப் பின்னர் ‘இந்தியனைட்’ என்று பெயர் வழங்கியது. இன்று அதனை அனார்த்தைட்டு என்னும் இனத்தில் சேர்த்துள்ளனர். இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இவ்வகைக் கல் குருந்தத்தோடு கூடிப் பரந்து கிடக்கிறது. சந்திரனின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் இதே அனார்த்தைட்டால் ஆனவை. அதனால் 2019-இல் சென்ற சந்திரயான்-2 கலத்தின் ஊர்தியைப் பழக்குவதற்குச் சந்திர மண் தேவைப்பட்டபொழுது, நம் விண்வெளி ஆராய்ச்சியினர் சித்தம்பூண்டிப் பகுதியின் பாறையைப் பொடித்துப் பயன்படுத்தினர்.

எங்கள் ஆசிரியர் அன்று நீலத்தின் அருகே வைத்த சாம்பல் நிறக் குருந்தமும் அப்பகுதியில் கிடைத்ததுதான். நான் படிப்பை முடித்துச் சென்றபொழுது அதனை எனக்கே கொடுத்துவிட்டார். நான் ஆசிரியனான பிறகு ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அதனை மாணவர் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒரு கோணமானியையும் வைத்துவிடுவேன். அது பீப்பாய்போல் குவிந்த கல்; முகங்கள் சொரசொரப்பானவை. ஒருவர் 118 என்பார், ஒருவர் 121 என்பார். எல்லோருடைய அளவையையும் கரும்பலகையில் எழுதிச் சராசரி எடுத்தால், 120 பாகைக்கு அருகில் வந்து நிற்கும்.